வெளுத்த மரகதம்

உலு லங்காட் கூடாரம்
6-3-1928

இராஜத்துக்கு,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ கோபமாக இருக்கும்போது நலமா என்று கேட்டால் அதற்கும் சேர்த்துக் கோபம் வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் மூடுபனியிலிருந்து தொடங்குகிறேன்.

விடிந்து வெகுநேரம் வரைக்கும் இங்கே மலை இருப்பதே தெரியாது. ஆற்றின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். பாறைகளை ஆராய வந்திருக்கும் எங்கள் துரை கூடாரத்தை விட்டு வெளியே வருவது முதலில் சுருட்டு வாசனையாக வரும், அப்புறம் தொப்பி தெரியும், அப்புறம்தான் துரை. நான் மேசையில் தாளை விரித்துப் படம் வரைய உட்கார்ந்தால் தாள் நமுத்துப்போய்க் கோடு கசிகிறது. கண்ணுக்குத் தெரியாத மலையைத் தண்ணீரில் வரைந்துகொண்டிருக்கிறேனோ என்று தோன்றும்.

துரைக்கு ஒரு பழக்கம் உண்டு. பாறையிலிருந்து ஒரு துண்டை உடைத்ததும் நாக்கால் தொட்டுப் பார்ப்பார். கூலியாட்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மெதுவாகக் காரணம் கேட்டேன். காய்ந்த கல் தன் உள்ளே இருப்பதைக் காட்டாது, நனைந்தால்தான் காட்டும் என்றார். நானும் ஒரு துண்டை நக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறமாகக் கிடந்த கல்லுக்குள் கறுப்பும் வெள்ளையும் காக்காப்பொன்னும் தெளிவாகத் தெரிந்தன. காய்ந்ததும் எல்லாம் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கை சீதாலெட்சுமியின் கல்யாணத்துக்கு நகைகளை அலசி வைக்கச் சொல்லி அம்மா உன்னிடம் கொடுத்தாள். வைரத் தோடு பளிச்சென்று வந்தது. மரகதப் பதக்கம் மட்டும் வெளுத்துப்போய், உள்ளே நூல் நூலாக விரிசலோடு வந்தது. “இது எங்க வீட்டுக் கல்லே இல்ல” என்று அம்மா சொல்லிவிட்டாள். அதற்கு முந்தின மாதம்தான் நீ அந்தப் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு உன் அண்ணன் வேலாயுதத்தின் கல்யாணத்துக்குக் கிள்ளான் வந்திருந்தாய். நானும்தான் வந்தேன். ஆனால் நான் பந்தலில் ஆண்களோடு இருந்தேன். உள்ளே நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “கிள்ளான்ல பதக்கத்தக் கழட்டினியா?” நீ ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். நீ என்னைப் பார்த்தாய், உள்ளே போனாய், விடிந்ததும் கிள்ளான் ரயிலில் ஏறிவிட்டாய்.

கல்யாணம் வைகாசியில். அதற்குள் நீ பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துவிட வேண்டும். அண்ணி இல்லாத கல்யாணம் என்று நாலு பேர் பேசுவார்கள்.

ரெங்கசாமி


பண்டமாரான், கிள்ளான்
14-3-1928

அத்தானுக்கு,

உங்கள் மூடுபனி இங்கே பத்திரமாக வந்து சேர்ந்தது. கடிதத்தைப் பிரித்ததும் வீடெல்லாம் ஒரே புகை. அதற்குள் உங்களைத் தேடினேன், கிடைக்கவில்லை. கடைசி வரியில் நாலு பேர் மட்டும் கிடைத்தார்கள். அந்த நாலு பேரும் சௌக்கியமாக இருக்கட்டும்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது ஊரில் எல்லாருக்கும் பொருந்தும், எனக்குப் பொருந்தாது என்று நினைத்திருந்தேன். அத்தை என் அப்பாவோடு கூடப்பிறந்தவர். நான் தவழ்ந்த காலத்திலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது. இங்கே அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை, அம்மா கைச் சோறு சாப்பிட வந்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். துறைமுகத்துக் கிடங்கிலிருந்து வரும்போதெல்லாம் அப்பா எனக்கென்று மீன் வாங்கி வருகிறார். அதைத் தின்னும்போதுதான் அழுகை வருகிறது.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காததையும் சொல்கிறேன். பூந்திக்கொட்டையைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தேன். நுரை வந்ததும் இறக்கி, தோட்டை ஒரு கிண்ணத்திலும் பதக்கத்தை வேறொரு கிண்ணத்திலும் சூட்டோடு ஊறப்போட்டேன். அப்புறம் மெல்லிய தூரிகையால் தேய்த்தேன். எங்கள் அம்மா வைரத்துக்குச் செய்வதும் இதுதான், அத்தை செய்வதும் இதுதான். பதக்கத்தை அத்தை ஒரு நாளும் இப்படி அலசியதில்லையாம். அலசக்கூடாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பதக்கம் கிடந்த கிண்ணத்தில் மட்டும் எண்ணெய் வட்ட வட்டமாக மிதந்தது. அத்தை கழுத்து எண்ணெய் என்று நினைத்து முற்றத்தில் ஊற்றிவிட்டேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் கூடத்தில் அத்தையும் சீதாவும் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவும் சுற்றி நிற்கும்போது சொல்லக்கூடிய பதில் இல்லை. நீங்கள் தனியாகக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்ட குரலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர் கேட்பது போலக் கேட்டீர்கள்.

இங்கே மத்தியானத்தில் கடல் தண்ணீர் கால்வாய் வழியாக வீட்டுப் பின்பக்கம் வரை ஏறி வருகிறது. சத்தமே இல்லாமல் வரும். பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

இராஜம்மா


உலு லங்காட்
25-3-1928

இராஜத்துக்கு,

எல்லார் முன்னாலும் சொல்ல முடியாத பதில் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். படிக்கப் படிக்க மனது எங்கெங்கோ போகிறது. போகக்கூடாது என்று இழுத்துப் பிடிக்கிறேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தோடு தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி ஒரு கல் அனுப்புகிறேன். ஆற்றுக்கு மேலே பாறையை வகிர்ந்துகொண்டு ஒரு வெள்ளை நரம்பு ஓடுகிறது. பளிங்கு போன்ற வெங்கச்சங்கல்லும் தட்டுத் தட்டாகக் காக்காப்பொன்னும் நிறைந்த நரம்பு. அதற்குள் இந்த வெளிர்பச்சைக் கல் ஒரு விரல் போல நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு பட்டை, தலை தட்டை. யாரும் பட்டை தீட்டவில்லை, தானாகவே அப்படி விளைந்திருக்கிறது. எடுக்கும்போது உடைந்துவிட்டது, நுனி மட்டும் எனக்குக் கிடைத்தது. துரை பார்த்துவிட்டு, மரகதமும் இதுவும் ஒரே சாதிதான், இதற்குப் பெரில் என்று பெயர், மரகதம் என்பது நல்ல பச்சை ஏறிய பெரில் என்றார்.

அது எப்படி உண்டாகிறது என்று அவர் சொன்னதைக் கேட்டு என் மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பு. அது மிக மெதுவாக ஆறியது. ஆற ஆற ஒவ்வொரு பொருளும் தனக்கேற்ற கல்லில் போய் அமர்ந்துகொண்டது. மணலில் இருக்கிற சிலிக்காதான் எல்லாக் கல்லுக்கும் வீடு கட்டிக் கொடுக்கிறது. ஆனால் பெரிலியம் என்று ஒன்று இருக்கிறது. மிகவும் சிறியது. எந்தக் கல்லும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அது மட்டும் மிச்சமிருக்கிற சூடான தண்ணீரோடு அலைந்துகொண்டே இருக்கும். கடைசியில் பாறை வெடித்த இடத்தில், அந்த வெள்ளை நரம்பில், அலுமினியத்தோடும் சிலிக்காவோடும் சேர்ந்து இந்த ஆறுபட்டைக் கல்லாக உட்காருகிறது.

பச்சை நிறம் கொடுப்பது இன்னொன்று. குரோமியம். அது இதற்கு நேர்மாறு. முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடும். பூமிக்கு வெகு ஆழத்தில் இருக்கிற கறுத்த பாறைகளில்தான் இருக்கும். முதல் பந்தியும் கடைசிப் பந்தியும் பார்த்துக்கொள்வதே இல்லை. எப்போதோ ஒரு முறை பூமி புரண்டு, கறுத்த பாறை மேலே வந்து, அதன் வெடிப்புக்குள் இந்தத் தண்ணீர் நுழைந்தால் இரண்டும் சந்திக்கும். அங்கேதான் மரகதம் பிறக்கிறது. நொறுங்கிய இடத்தில், நெருக்கத்தில் பிறப்பதால் அதன் உடம்பெல்லாம் விரிசல் இருக்கும். விரிசல் இல்லாத பெரிய மரகதத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று துரை சொன்னார். உனக்கு அனுப்பியிருக்கும் கல்லுக்குக் குரோமியம் கிடைக்கவில்லை. அதனால்தான் வெளிறியிருக்கிறது. அதற்கும் விரிசல் உண்டு.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று நினைக்கலாம். எனக்கும் தெரியவில்லை. பனிக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்கும்போது உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ரெங்கசாமி


பண்டமாரான்
3-4-1928

அத்தானுக்கு,

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். எனக்குக் கல் வந்துவிட்டது, ஆளைத்தான் காணோம். கல்லைத் திருடிவிட்டாள் என்று பெயர் வாங்கியவளுக்குக் கல்லையே பரிசாக அனுப்ப உங்களுக்கு எப்படித்தான் தோன்றியதோ. தீப்பெட்டியைத் திறந்ததும் அம்மா, மாப்பிள்ளை என்ன அனுப்பியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தார். பல்வலிக்கு மருந்து என்று சொல்லிவிட்டேன்.

ஆத்திரத்தில் அதை வீசத்தான் போனேன். அப்போது சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நழுவி விளக்குக்குள்ளேயே விழுந்துவிட்டது. சாமிக்குப் போட்டதைத் திரும்ப எடுக்கக்கூடாது என்று சொல்லி அங்கேயே விட்டுவிட்டேன். உண்மையில் எடுக்க மனமில்லை.

ஆனால் நீங்கள் எழுதியது போகவில்லை. மத்தியானம் கண் செருகும்போது வருகிறது. நேற்று ஒரு கனவு. பின்பக்கத்துக் கால்வாயில் தண்ணீர் ஏறுகிறது. சூடான தண்ணீர். அதில் நான் மிகவும் சின்னதாக மிதந்து போகிறேன். இரண்டு பக்கமும் வீடுகள், எல்லா வாசலிலும் விருந்து நடக்கிறது. யாரைக் கேட்டாலும் இடமில்லை என்கிறார்கள். நம் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வாசலும் வந்தது. அத்தை பரிமாறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “பசியாறிட்டியா?” என்றார். நான் இல்லை என்று சொல்வதற்குள் தண்ணீர் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. விழித்துப் பார்த்தால் தலையணை நனைந்திருந்தது.

அத்தை எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நீங்களாக எழுதினால் படிப்பேன்.

உங்கள் மனது எங்கெங்கோ போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. போய்ச் சுற்றிவிட்டு வரட்டும். எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கத்தான் நானும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

இராஜம்மா


பிரிக்ஃபீல்ட்ஸ்
15-4-1928

இராஜத்துக்கு,

சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் விடுப்பு வாங்கி வந்தேன். வாசலில் மாவிலை இல்லை. சீதா கட்டியிருப்பாள் என்று அம்மாவும், அம்மா கட்டியிருப்பாள் என்று சீதாவும் இருந்துவிட்டார்களாம். போன வருடம் நீ கட்டியது.

நீ கேட்காததால் எழுதுகிறேன், அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பதக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி அலமாரி அதிர்கிறது, அதைக்கூடப் பார்ப்பதில்லை. உன் பெயரை அவள் எடுக்கவில்லை. சீதா மட்டும் ஒரு முறை, அண்ணி வராமல் எனக்கு மஞ்சள் பூசப்போவது யார் என்று கேட்டாள்.

இப்போது நான் ஒரு யோசனை சொல்கிறேன், கோபப்படாமல் கேள். கல் அசலா போலியா என்று கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன. கண்ணாடி என்றால் உள்ளே நீர்க்குமிழி போல உருண்டைகள் இருக்கும். நாக்கில் வைத்தால் கண்ணாடி சீக்கிரம் சூடாகிவிடும், மரகதம் குளிர்ச்சியாகவே இருக்கும். வெங்கச்சங்கல்லால் கீறினால் கண்ணாடியில் கோடு விழும், மரகதத்தில் விழாது. துரை கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருக்கிறார். அம்மாவிடம் கேட்டுப் பதக்கத்தை வாங்கிப்போய் அவரிடம் ஒரு நிமிடம் காட்டினால் போதும். அசல் மரகதம்தான் என்று துரை வாயால் வந்துவிட்டால் அம்மாவால் ஒன்றும் பேச முடியாது. உன் மேல் விழுந்த பழியும் போய்விடும். நீ தலை நிமிர்ந்து வரலாம்.

காட்டட்டுமா? உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ரெங்கசாமி


பண்டமாரான்
21-4-1928

அத்தானுக்கு,

காட்டாதீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் கொஞ்சம் ஆறிவிட்டது, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. கோபம் போனால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார வேண்டுமே.

துரை பார்த்து, இது அசல் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நல்ல பெயர் யாருக்கு? கல்லுக்கு. நீங்கள் கல்லை நம்புவீர்கள், பூதக்கண்ணாடியை நம்புவீர்கள், துரையின் நாக்கை நம்புவீர்கள். என்னை நம்பியதாக எங்கே வரும்? நாளைக்கு வீட்டில் ஒரு வெள்ளி டம்ளர் காணாமல் போனால் எந்தத் துரையைக் கூப்பிடுவீர்கள்? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது கோர்ட்டுக்குச் சரி. ஒரே பாயில் படுக்கிறவர்களுக்கு அது போதாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல் ஏன் வெளுத்தது என்று எனக்கு இப்போது தெரியும். பாதி உங்கள் கடிதத்திலேயே இருந்தது, மீதி என் வீட்டிலேயே கிடைத்தது. கண்டுபிடித்ததும் உங்களுக்குத் தந்தி அடிக்கலாமா என்றுகூட நினைத்தேன். அவ்வளவு சந்தோஷம். அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன், அம்மா என்னடி என்று கேட்கும் அளவுக்கு. ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் மறுநாளே வந்து நிற்பீர்கள். அப்படி வந்து நிற்பவர் காரணம் தெரிந்த பிறகு வருகிறவர்தான். காரணம் தெரிவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டியவரை நான் அப்புறம் எங்கே தேடுவேன்?

அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கல் எப்படி மாறியது என்று யாருக்கும் தெரியாது. நான் உங்கள் கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. உங்கள் கையில் ஒன்றுமே இல்லை. இப்போது, இந்த நிலையில், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். மூடுபனி வேண்டாம், மலை வேண்டாம்.

எடுத்திருப்பாள் என்று தோன்றினால் அதையும் எழுதிவிடுங்கள். சீதா கல்யாணத்துக்கு வந்து மஞ்சள் பூசி, பந்தி பரிமாறி, நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டு, மறு ரயிலில் திரும்பி வந்துவிடுவேன். அதற்கும் எனக்குத் தெம்பு இருக்கிறது.

இராஜம்மா


உலு லங்காட்
2-5-1928

இராஜம்,

நீ எடுக்கவில்லை. உன் வீட்டார் யாரும் எடுக்கவில்லை. கல் எப்படி வெளுத்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் எழுதுகிறேன்.

இதை எழுத எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சந்தேகத்தால் தாமதமாகவில்லை. உன் கடிதம் கைக்கு வந்த அன்றே இந்த மூன்று வரியும் மனதில் வந்துவிட்டன. ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் உனக்கு மட்டும் எழுதினால் அது பாதி நம்பிக்கைதான் என்று பட்டது. கூடத்தில் கேட்ட கேள்வியைக் கூடத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டும். துரையிடம் விடுப்புக் கேட்டு, அது கிடைத்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அம்மாவையும் சீதாவையும் வள்ளியம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அன்றைக்கு நான் கேட்டிருக்கக்கூடாது, கல் அவள் கையில் மாறவில்லை என்றேன். அம்மா எப்படித் தெரியும் என்று கேட்டாள். “எனக்கு அவளத் தெரியும்மா” என்றேன். அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. ஏதாவது ஆதாரம் இருக்காதா என்று கை சட்டைப்பையைத் தடவியது உண்மை. ஒன்றும் இல்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. உன்னை அப்படித்தானே நிற்க வைத்தேன்.

ஒரு ரயில் போய் அந்தச் சத்தமும் ஓய்ந்தது. பிறகு அம்மா பதக்கத்தை மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். “அவ கையிலயே குடு. பச்சையோ வெள்ளையோ, சீதா கழுத்துல அவளே வந்து போட்டு விடட்டும்” என்றாள். உள்ளே போய்விட்டாள். அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்த முடிச்சு இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. நேற்று குனிந்து தாளை எடுக்கும்போது கீழே விழுந்து பிரிந்துகொண்டது. துரை பார்த்துவிட்டார். மரகதமா என்று கேட்டபடியே ஒரு கையால் பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார், இன்னொரு கையை நீட்டினார். காட்டியிருந்தால் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். நான் முடிச்சைப் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, இது என் மனைவியின் பொருள், அவள் அனுமதி இல்லை என்றேன். துரைக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. இன்றைக்கு என்னோடு வேலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தால் கல் வெளுத்த காரணம் எனக்கும் பிடிபட்டுவிடும் போலிருக்கிறது. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். உன் வாயால் கேட்கிறேன். கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

மூடுபனி வேண்டாம் என்றாய். ஆனால் இன்று காலையில் அது விலகி மலை முழுவதும் தெரிந்தது, அதை மட்டும் எழுதிவிடுகிறேன். நான் வரைந்த படத்தில் ஒரு முகடு விட்டுப்போயிருந்தது. அவ்வளவு பெரியதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

வரவா?

ரெங்கசாமி


பண்டமாரான்
8-5-1928

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைக்காமலே பிரித்துவிட்டேன். முதல் வரியில் செதில் ஒட்டியிருக்கிறது. அதை எடுக்க மாட்டேன், அப்படியே இருக்கட்டும்.

இனி எல்லாம் சொல்கிறேன். விளக்குக்குள் விழுந்த உங்கள் கல் பல நாள் அங்கேயே கிடந்தது. விளக்குத் துலக்கும்போது எடுத்துப் பார்த்தேன். விரிசல் அநேகமாக ஒன்றும் தெரியவில்லை. பனிபோல மங்கியிருந்தது குளத்துத் தண்ணீர் மாதிரித் தெளிந்து, உள்ளே பச்சை தெரிந்தது. காய்ந்த கல் காட்டாது, நனைந்தால்தான் காட்டும் என்று நீங்கள் எழுதியது அப்போது நினைவு வந்தது. உடனே அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். எண்ணெய் வட்ட வட்டமாக மேலே வந்தது. அத்தனை விரிசலும் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் எண்ணெயில் போட்டேன், மெதுவாக மறைந்தது. அடுப்படியில் சிரித்தது அன்றைக்குத்தான்.

பதக்கத்தை விற்றவர் முதலில் எண்ணெயில் ஊறவைத்துத்தான் விற்றிருப்பார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடமாக அத்தை தலை முழுகிய எண்ணெயும் கழுத்து எண்ணெயும் அதற்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வைரத்தைப் போல நினைத்து அதை ஒரே நாளில் துடைத்து எடுத்துவிட்டேன். விரிசல் பிறந்ததிலிருந்தே இருந்ததுதான். அத்தையிடம் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக வைக்கச் சொல்லுங்கள். கல்லைக் கழற்றித் தர ஆசாரியைக் கூப்பிட வேண்டாம், பதக்கத்தோடே போடலாம். பழைய பச்சை முழுக்கத் திரும்புமா என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் வெளுப்பாகவே இருந்தாலும் சீதாவின் சிவப்புக்கு எடுப்பாகத்தான் இருக்கும்.

அத்தை மேல் எனக்கு வருத்தம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்து, அவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டால் போகும் என்று நினைக்கிறேன். பசியாறினாயா என்று அவர் கேட்கும்போது இந்த முறை இல்லை என்று சொல்லிவிடுவேன்.

இப்போது உங்கள் கேள்வி. கிள்ளானில் பதக்கத்தைக் கழற்றினாயா என்று கேட்டீர்கள். கழற்றியது உண்மை, ஒரே ஒரு முறை. பந்தலிலேயே ஆண்களோடு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். பந்தி முடிந்து மழை கொட்டியபோது எல்லாரும் எங்கே ஓடினோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீங்கள் நனைந்துகொண்டு வந்து நுழைந்தது அரிசி மூட்டை அடுக்கிய சின்ன அறை. நான் அங்கே பூசணிக்காய் எடுக்க வந்திருந்தேன். வெளியே மேளக்காரர்கள் தவிலை நனையாமல் தூக்கிக்கொண்டு ஓடிய சத்தம். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். என் கொண்டைப் பூச்சரத்தில் பதக்கத்தின் கொக்கி சிக்கிக்கொண்டது. இழுத்தால் வலித்தது. நான் கத்தப்போனேன், நீங்கள் வாயைப் பொத்தினீர்கள். கழற்றியது உங்கள் கை. மழை விடும் வரைக்கும் பதக்கம் உங்கள் உள்ளங்கையில்தான் இருந்தது. மாட்டிவிட்டதும் நீங்கள்தான்.

இதை அத்தை முன்னால், சீதா முன்னால், வள்ளியம்மா முன்னால் எப்படிச் சொல்வேன்?

மறந்துவிட்டீர்கள் என்றுதான் எனக்குக் கோபம். மறக்கக்கூடியதா அது?

வாருங்கள். அப்பாவிடம் நீங்கள் வருவதாகச் சொல்லிவிட்டேன், நண்டு வாங்குகிறாராம். பதக்கத்தைச் சட்டைப்பையிலேயே கொண்டு வாருங்கள், துணியில் முடிந்தபடியே. பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் அதை நான் போட்டுக்கொண்டு வர வேண்டும். கொக்கி இன்னும் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. இந்த முறை பார்த்து மாட்டுங்கள்.

இராஜம்